முனியப்பன் பெயரில் ஒரு பொய் முகவரி

ஆவணி 3, செவ்வாய்

மாரண்டஹள்ளியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நான், என் தக்காளிக்கு என்ன நோய் என்று ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? இணையத்தில் விவசாயிகள் குழுவில் கேட்டேன். சொந்த ஈமெயில் கொடுத்தால் ஆள் தெரிந்துவிடும் என்று குலசாமி முனியப்பன் பெயரையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஒரு பொய் முகவரி போட்டேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு முனியப்பன் இருப்பது அப்போது உறைக்கவில்லை.

இன்று டெய்லர் முனியப்பன் கடைக்கு வந்தார்.

"யாரோ தக்காளிக்கு யோசனை கேட்டிருக்காங்க, பதிலெல்லாம் என் ஈமெயிலுக்கு வருதுங்க. எனக்கு ஒரு செண்டு நெலங்கூட இல்ல. பாவம், செடி காஞ்சிரப் போவுதேன்னு வந்தேன். உங்க கடைக்கு வர்ற ஆளாத்தான் இருக்கும்."

போனைப் பார்த்து ஒவ்வொரு பதிலையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வந்தா சொல்றேங்க" என்றேன்.

படியிறங்கியவர் திரும்பினார். "செடி பொழைச்சுதுன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

அந்தப் பதில்களில், நோய் வந்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, பூச்சி வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் ஒட்டு அட்டை கட்டச் சொல்லியிருந்தார்கள். என் கடையில் விற்கிற அட்டைதான். சாயங்காலம் கட்டிவிட்டு வந்தேன்.

பிழைத்தால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவரிடம் போவேன்? பிழைக்காமலே போனால் தேவலை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.