புறப்படும் இடம்: ஜங்ஷன்

செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், அவளுடைய வாக்கர் அதைவிடச் சுகம், நான் சுமார். நீயும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் முழுநேர வேலை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அவள் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதனால் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்து உன் ஊருக்குப் போகும் நேரடி ரயில் பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள், திங்கட்கிழமை பெட்டி இல்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பெட்டிகள் கிளம்பும், ஜங்ஷனில் அவற்றை எக்ஸ்பிரஸின் வாலில் கோத்துவிடுவார்கள், படுத்த இடத்தை விட்டு அசையாமல் மறுநாள் காலையில் உன் ஊரில் இறங்குவோம். நம் ஊர் அளவுக்கு அது போதும் என்று இருந்தோம். அதுவும் அதிகம் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. இனிமேல் ஜங்ஷன் வரைக்கும் ஒரு சின்ன வண்டி. அங்கே இறங்கி, மேம்பாலம் ஏறி, அடுத்த பக்கத்தில் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். நடுவில் இருப்பது பதினொரு நிமிடம்.

அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் செய்த டாக்டர் போன வாரம்தான் பயணத்துக்குச் சரி என்றார். "படுத்துக்கிட்டுப் போகட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரக் கூடாது. படி மட்டும் ஏறவே கூடாது" என்றார். நேரடிப் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. அம்மா அன்றைக்கே பையைக் கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்க இன்னும் மூன்று மாதம். உன்னைக் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். "பிரசவத்துக்கு அம்மா வந்தா போதும், வேற எதுவும் வேணாம்" என்று நீ சொன்னதை உன் அம்மா தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. இஸ்திரிக் கடைக்காரம்மாவிடம் மட்டும் மூன்று முறை.

சாலை வழியாகப் போகலாமா என்றும் பார்த்துவிட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவரின் வேனில் மெத்தை விரித்து, சும்மா காற்று வாங்கி வரலாம் என்று பொய் சொல்லி அம்மாவைப் படுக்க வைத்தேன். கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பிறகு "திருப்புங்க" என்று ஒரே வார்த்தை. என் கையில் அவள் நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஜங்ஷனுக்கு அந்தச் சாலையில் மூன்று மணி நேரம்.

ஆனால் நீ கலங்காதே. பத்தாம் தேதிக்குப் போட்ட நம் டிக்கெட் ரத்தாகவில்லை. ஏன் தெரியுமா? அதில் புறப்படும் இடம் ஜங்ஷன் என்று இருக்கிறது! ஜங்ஷனில் ஏறுகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸிலேயே இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய சாமர்த்தியம்தான். அந்தப் பெட்டிகளில் நம் ஊருக்கு ஒதுக்கியது பன்னிரண்டு படுக்கை, ஜங்ஷனுக்கு எழுபது. நம் ஊர் என்று எழுதினால் காத்திருப்போர் பட்டியலில் விழும் பயம், ஜங்ஷன் என்று எழுதினால் நிச்சயம் இடம். ஜங்ஷன் வரைக்கும் ஒரு சாதாரண டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, இங்கேயே ஏறி, அதே படுக்கையில் காலை நீட்டிக்கொள்ளலாம். டிக்கெட் பரிசோதகருக்கும் ஆட்சேபணை இல்லை. கடைக்கு வந்து ஃபாரம் நிரப்பச் சொல்கிற எல்லோருக்கும் இருபது வருடமாக நான் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஊரே என்னை ஜங்ஷன் மாமா என்று கூப்பிடுவது சும்மாவா? நீ முதல் வேலைக்குக் கிளம்பியபோது எழுதியதும் அப்படித்தான்.

ஆகவே டிக்கெட் கையில் இருக்கிறது. சின்ன வண்டியில் ஒரு நீள சீட்டில் படுக்க வைத்துவிடலாம்; அந்தப் பதினொரு நிமிடத்தையும் பாலத்தையும் தாண்டுவதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்கப் போகிறேன். அம்மா ஆஸ்பத்திரி எடை மெஷினில் கடைசியாக நின்று பார்த்தபோது ஐம்பத்தைந்து கிலோ. மெஷின் தப்பு என்கிறாள், அது வேறு விஷயம். நம் கடையில் ஒரு ரீம் பேப்பர் இரண்டரை கிலோ. இருபத்திரண்டு ரீம்களைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக் கட்டி, நானும் அதுவும் பயணம் செய்யப் போகிறோம். சனிக்கிழமை ரயில்வேக்காரர்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பேசுவேன்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. மாடிப்படி பக்கம் போகாதே.

உன் கெட்டிக்கார அப்பா

*

ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் கால் வீக்கம் குறைந்தது என்று போனில் சொன்னாய், மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அது வற்றுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நானும் ரீம்களும் போனோம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் "பேப்பருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஜங்ஷனுக்கு வண்டி ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. ஆக மீதி ஆறு நிமிடம். லிஃப்ட் இருக்கிறது, அதன் வாசலில் மஞ்சள் நாடாவும் இருக்கிறது. நாடா கட்டி இரண்டு வருடம் என்றார் போர்ட்டர். முன்பு தள்ளுவண்டிகள் தண்டவாளத்தைக் கடக்கும் பாதை ஒன்று உண்டு, அதற்கும் வேலி போட்டுவிட்டார்கள்.

போர்ட்டர்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். நல்ல மனிதர்கள், அவசரப்படவும் இல்லை. ஏறுவதற்கு நாற்பத்தாறு படி, ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் முன்னால் பிடித்திருந்தவர் கால் வைத்த படி ஈரமாக இருந்திருக்கிறது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கட்டியிருந்த பட்டை அறுந்து மேலே இருந்த ரீம்கள் உருண்டன. ஒன்று கடைசிப் படி வரைக்கும் போய் வெடித்து, பிளாட்பாரம் முழுக்க வெள்ளைக் காகிதம். எக்ஸ்பிரஸ் கிளம்பிய காற்றில் அவ்வளவும் பறந்தன. எல்லோரும் எனக்காகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். நான் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சார், பேப்பர்தானே" என்றார் போர்ட்டர். அவருக்கு எப்படிச் சொல்வேன்?

முதல் நாளே போய்த் தங்கி, நிதானமாகப் பாலம் ஏறலாம் என்ற யோசனையையும் அந்தப் படியிலேயே விட்டுவிட்டு வந்தேன். நேரம் எவ்வளவு இருந்தாலும் அது அதே படிதான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பள்ளிக்கூட ஹால் நிரம்பிவிட்டது. நம் ஊரில் இத்தனை பேர் உன் ஊருக்குப் போய்வருகிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகிற லாரி மெக்கானிக், பேரனைப் பார்க்கப் போகிற டெய்லர், பரீட்சை எழுதப் போகிற பெண்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். "இவ்வளவு பெரிய ஊருக்கு நேரடியா ரெண்டே ரெண்டு பெட்டி, அதையும் புடுங்கிட்டீங்களே" என்று டெய்லர் சத்தம் போட்டார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு தாளை எடுத்துப் படித்தார். நம் ஊரிலிருந்து நேரடிப் பெட்டிகளுக்கு முன்பதிவு செய்தவர்கள், ஐந்து வருடச் சராசரி, நாளொன்றுக்கு நாலு பேர். "நாலு பேருக்காக ரெண்டு பெட்டியை எப்படி ஓட்டறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. கோபமாகக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. எல்லோர் டிக்கெட்டும் ஜங்ஷனிலிருந்து. எல்லோர் ஃபாரத்திலும் என் கையெழுத்து. இருபது வருடமாக இந்த ஊரிலிருந்து யாருமே கிளம்பவில்லை என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தவன் நான்.

எழுந்து சொல்லிவிட்டேன். ஜங்ஷன் கணக்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள், எழுதியது நான்தான், தப்பு என்னுடையது, தண்டனை என்னோடு போகட்டும் என்றேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "ஐயா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா காகிதத்துல இல்லாத ஆளை நான் எப்படி எண்றது?" என்றார். இனி எல்லோரும் நம் ஊர் பெயரைப் போட்டு எழுதினால் அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாமாம். அடுத்த கணக்கெடுப்பு இரண்டு வருடம் கழித்து. உனக்கு நாள் குறித்திருப்பது இருபதாம் தேதி.

வெளியே வரும்போது மெக்கானிக் என் தோளில் கை வைத்து, "விடுங்க மாமா, எங்களுக்கு நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். மாதத்துக்கு இரண்டு தடவை அந்தப் பாலம் ஏற வேண்டியவர் அவர். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. என் பழைய பருத்திச் சட்டைகளை வெட்டிக் குழந்தைக்குச் சின்னச் சின்னத் துணிகளாகத் தைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பத்து நாள்தான் இருக்கு என்று என்னை விரட்டுகிறாள். உனக்காவது ஏதாவது வழி தோன்றுகிறதா, யோசித்துப் பார். படுத்திருக்கிற பிள்ளையிடம் போய் யோசனை கேட்கிறேன், பார்.

அப்பா

*

வியாழக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பையின் ஜிப் மூடவில்லை, வந்து அழுத்திப் பிடியுங்கள் என்று கூப்பிட்டாள். பிடித்துக்கொண்டே சொன்னேன். பெட்டி நின்றது, பாலம், படி, உருண்ட ரீம், கூட்டம், நாலு பேர் கணக்கு, என் கையெழுத்து, எல்லாமே. ஜிப்பை மூடினாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. நானும்தான். இருபது வருடமாக என் சாமர்த்தியத்தை அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டவள் அவள்தான்.

மறுநாள் காலையில், "கடையிலேர்ந்து ஒரு ரீம் எடுத்துட்டு வாங்க" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். "ஸ்கேன்ல குழந்தை ரெண்டரை கிலோ இருக்கும்னுதானே சொன்னாங்க?" என்றாள். அதை ஒரு துண்டில் சுற்றினாள். ஒரு முனையில் துணியைப் பந்தாகச் சுருட்டித் தலை வைத்தாள். "தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். "தலையை விட்டுட்டீங்க" என்றாள். மறுபடி தூக்கினேன். "பேப்பர் கட்டு மாதிரி தூக்குறீங்க, இது பிள்ளை" என்றாள். அது பேப்பர் கட்டுதான் என்று சொல்ல வாய் வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூன்று நாளாகப் பாடம் நடக்கிறது. தோளில் சாய்த்து முதுகைத் தட்டுவது, குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் இரண்டு விரலால் மடக்கிப் பிடிப்பது, துணி மாற்றுவது. உனக்குச் செய்ய வேண்டியவற்றைத் தனித் தாளில் எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, தப்பு திருத்தினாள். நீ பிறந்தபோது நான் கடையே கதி என்று இருந்ததை ஒரு தடவைதான் சொல்லிக் காட்டினாள். அந்த மட்டுக்கும் பெரிய மனசு.

ஆகவே பத்தாம் தேதி நான் மட்டும் கிளம்புகிறேன். பாலம் என்னை ஒன்றும் செய்யாது. இஸ்திரிக் கடைக்காரம்மா அம்மாவோடு வந்து தங்கிக்கொள்கிறார், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நேற்று ஸ்டேஷனுக்குப் போய் அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்தேன். ரத்து ஃபாரத்திலும் புறப்படும் இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் ஜங்ஷன் என்றுதான் எழுத வேண்டியிருந்தது.

இன்று பாடம் முடிந்ததும் ரீமைக் கடைக்கு எடுத்துப்போகக் கையை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். சுற்றிய துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

உன்னிடம் இரண்டே இரண்டு கேட்கிறேன், மகளே. "நீ ஏம்மா வரல" என்று போனில் அவளிடம் தவறிக்கூடக் கேட்டுவிடாதே. அவள் சாதாரணமாகத்தான் பேசுவாள், நீயும் அப்படியே பேசு. அப்புறம், குழந்தை பிறந்து முதல் முறை அழும்போது உடனே சமாதானப்படுத்திவிட வேண்டாம். நான் போனைப் போட்டு அதன் வாய்ப்பக்கத்தில் பிடிக்கிறேன். கொஞ்ச நேரம் அழட்டும். இங்கே அவள் கேட்கட்டும்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, இரண்டு பேராக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என் கை நடுங்கினால் பொறுத்துக்கொள். தலையை மட்டும் விடமாட்டேன்.

உன் அப்பா