சாமிமேடை ஏறிய படிக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிகாமட்டில் நீங்களும் அம்மாவும் சுகமா? முட்டி வலி தேவலையா? கோலா சிலாங்கூரில் நான் நலம். போனில் பேசினால் வீட்டுக்கார விமலா ஆன்ட்டி காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாபகமாக வைத்துக்கொள்ளென்று நீங்கள் கொடுத்த தாத்தாவின் பித்தளைப் படிக்கத்தைத் துலக்கி ஹாலில் அழகுக்கு வைத்தேன். தாத்தா அதில் வெற்றிலை எச்சில் துப்புவார் என்பது ஆன்ட்டிக்குத் தெரியாது. கோயில் பாத்திரமென்று நினைத்துச் சாமிமேடையில் ஏற்றி, விபூதி கொட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டாரும் வந்து பூசிக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நான் வேறு ரூம் தேட வேண்டியதுதான்லா. அவர் கேட்டால் சந்தனக் கிண்ணம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள்.

முந்தாநாள் லேசான காய்ச்சல், பயப்பட வேண்டாம். ஆன்ட்டி அந்த விபூதியோடு வந்தார். எல்லாம் தெரிந்தும் நெற்றியை நீட்டினேன். தாத்தாவே தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆன்ட்டி வருகிறார், முடிக்கிறேன்.

உங்கள் நித்தியா