பதினோராவது வரி

அன்புள்ள மச்சானுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் விரல்கள் போனதில் என் எழுத்துக்கும் பங்கு உண்டு. அந்த லிஃப்ட் ரிப்போர்ட்டை மேனேஜர் சரியாகப் படிக்கவில்லை என்று இரண்டு வருஷமாக நீயும் நானும் ஊரெல்லாம் சொல்லிவருகிறோம். படித்தாலும் புரியாதபடி எழுதிக் கொடுத்தவன் நான்.

இத்தோடு கடிதத்தை மடித்து வைக்கத் தோன்றினால் மடித்து வை. அதற்காகத்தான் இதை முதலில் போட்டேன். மீதியைப் படிக்க மனசு வந்தால் பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ "விடுங்க அத்தான், நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களே" என்று ஆரம்பித்துவிடுவாய். அந்த வார்த்தையை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது.

இங்கே நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? உன் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் அப்படியேதான் இருக்கிறது. நீயும் வாண்டும் ஒரே நோட்டில் எழுதிப் பழகுகிறீர்களாம், இடது கையில் எழுதும் உன்னைவிட அவள் எழுத்து அழகாக இருக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டு உன் அக்கா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கம்பெனியில் மூத்த மெக்கானிக்குகளை எழுத்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்று போனில் சொன்னேனே, எட்டு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை. இருபத்தெட்டு வருஷம் லிஃப்டோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்த வயசில் என்ன எழுத்துப் பாடம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். வகுப்பு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முதல் நாள் மூச்சு வாங்க ஏறும்போதே பாதி வெறுத்துவிட்டது.

என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஒரு நர்ஸ், பெயின்ட் கம்பெனியில் கலவை பார்க்கிறவர், ஓட்டல் சமையலறையைக் கவனிக்கிறவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பெண் ஒருத்தி, இப்படி. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். முன்பு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை எழுதிக்கொண்டிருந்தவராம். சமையலறையில் முட்டை வேகவைக்க வைப்போமே, அந்த டைமர் ஒன்றை மேஜையில் வைத்திருப்பார். யார் எதை எழுதினாலும் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டி, டைமரை இரண்டு நிமிஷத்துக்குத் திருகிவிடுவார். மணி அடித்ததும் மற்றவர்கள் ஒரு சீட்டில் ஒரே வரி எழுத வேண்டும்: இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "நீங்க எழுதினது உங்க கையை விட்டுப் போனப்புறம் விளக்கம் சொல்ல நீங்க கூடப் போக முடியாதே" என்றார். நாங்கள் அவருக்கு டைமரம்மா என்று பேர் வைத்துவிட்டோம். அவருக்கும் அது தெரியும்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு, வேலையில் எழுதிய பழைய தாள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நான் எதை எடுத்துப் போயிருப்பேன் என்று உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு வருஷமாக அலமாரியில் வைத்திருந்தேனே, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேனே, அந்த ரிப்போர்ட்டின் நகலைத்தான். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், திருத்திக்கொள்வதற்காக நான் அதைக் கொண்டுபோகவில்லை. பன்னிரண்டு பேரும் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா எழுதியும் ஒருத்தன் கண்டுக்கலையா" என்று கொதிக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

பெயர்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுச் சுவரில் காட்டினார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. என் கையெழுத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. டைமர் ஓடியது. மணி அடித்தது. சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"சந்தோஷம், வேலை நல்லா நடக்குது." "ஃபைல்ல போட்டுடுவேன்." "மெக்கானிக்குக்கு நன்றி சொல்லுவேன்." "கட்டடத்துக்காரங்களுக்கும் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பலாம்." "ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல." இப்படியே பதினொரு சீட்டு. பன்னிரண்டாவது சீட்டில் மட்டும், "கடைசில பிரேக்னு ஏதோ பார்த்தேன், திரும்பப் படிக்கணும்" என்று இருந்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டத்தையெல்லாம் மறந்து எழுந்து நின்றேன். பதினோராவது வரியைப் பாருங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு, என் மச்சானுக்கு ரெண்டு விரல் போச்சு என்று கத்திவிட்டேன். அந்த நர்ஸ்தான் மெதுவாகப் பேசினாள். "பார்த்தேன் அண்ணே. 'தங்களுக்கு வசதிப்படும்போது கவனித்தால் நலமாயிருக்கும்'னு எழுதியிருக்கீங்க. எங்க வார்டு நோட்டுல அப்படி எழுதியிருந்தா நான் அடுத்த வாரம்தான் பார்ப்பேன். அவசரம்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தத் தாளை வேறொருவர் எழுதியதுபோலப் படித்தேன். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் உத்தரவின்படி சென்று பார்த்தேன். கட்டடத்தார் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார்கள். கதவுகள் சீராகத் திறந்து மூடுகின்றன. விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. பத்து வரி இப்படியே போகிறது. பிறகுதான், மேலும் பிரேக் லைனிங் சற்றுத் தேய்ந்துள்ளபடியால். சற்று! இரண்டு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லாத பட்டையை என் கையால் அளந்துவிட்டு, சற்று என்று எழுதியிருக்கிறேன்.

அன்று பாதி வகுப்பில் இறங்கி வந்து வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த லிஃப்டின் கயிற்றைத் துடைக்க மேனேஜர் உன்னை அனுப்பியது ரிப்போர்ட் போய் மூன்று வாரம் கழித்து. நீ மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தாய். பிரேக் பிடித்திருக்கும் என்று நம்பினாய், எவனும் நம்புவான். காலி லிஃப்ட் பெட்டியை மறுமுனையில் தொங்கும் எதிர்எடை இழுத்தது, கயிறு நகர்ந்தது, சக்கரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் உன் கை. அந்த மூன்று வாரத்தில் எத்தனை நாள் நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம்! ஒரு வார்த்தை நான் உன்னிடம் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று, என் பொறுப்பு முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம் மேனேஜர் என்னிடம், "எப்பப் பார்த்தாலும் குறையத்தான் தூக்கிட்டு வர்றீங்க, நல்லதா எதுவும் கண்ணுல படாதா" என்று கேட்டிருந்தார். அது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதனால் நல்லதையெல்லாம் தேடித் தேடி மேலே எழுதி, கெட்டதைப் பணிவாகக் கீழே வைத்தேன். மரியாதை என்று நினைத்தேன். அவர்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் கடைசி வரை படித்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய பங்கை நாம் பேசித் தீர்த்துவிட்டோம், என் பங்கை யாரும் பேசவே இல்லை.

மறு வாரம் வகுப்புக்குப் போக மாட்டேன் என்றேன். உன் அக்கா காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். "வயித்துக்கு மூணு மாடி ஏறி இறங்கினா நல்லது" என்று சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். போனேன். நான் கத்தியதைப் பற்றி அங்கே யாரும் பேச்செடுக்கவில்லை. நர்ஸ் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்புக்குச் சோதனைக்குப் போனேன். அங்கேயும் பிரேக்தான். மெஷின் அறையிலேயே உட்கார்ந்து மூன்று வரி எழுதினேன். 'இந்த லிஃப்டை இப்போதே நிறுத்துங்கள். பிரேக் பிடிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை யாரும் ஏறக் கூடாது.' வணக்கமும் இல்லை, ஐயாவும் இல்லை. என்னவோ சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோலக் கூச்சமாக இருந்தது. போட்டோ எடுத்து ஆபீசுக்கும் கட்டடத்துக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டு, வேறு ஸ்பேனர் எடுக்க வண்டிக்குப் போய் வந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் லிஃப்ட் பூட்டியிருக்கிறது. ஒன்பது மாடியிலும் கதவில் தாள் ஒட்டியிருக்கிறது. எனக்கு முன்பின் தெரியாத காவல்காரம்மா ஒருத்தி, காய்கறிப் பையோடு நின்ற வயசான தம்பதிக்கு என் மூன்று வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் வாக்கியம், அவள் குரல். அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக என் கையில் இருக்கிற ஸ்பேனருக்குத்தான் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில்கூட இல்லாதபோது மூன்று வரி போய் இரண்டு உயிரைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பி அனுப்புகிறது. இது சின்ன விஷயமா, சொல்லு. அன்று முதல் பேனாவைத் திறக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது. நல்ல பயம்தான்.

கடைசி வகுப்புக்கு, பழைய தாளைத் திருத்தி எழுத வேண்டும் என்றார் டைமரம்மா. மூன்று வாரம் எழுதினேன். உன் அக்கா, "நாலு வரிக்கு நாப்பது தாளா, வீட்டுல பேப்பர்க் கடை வைக்கலாம்" என்றாள். தேதி எழுதும் இடத்தில் எந்தத் தேதி போடுவது என்று டைமரம்மாவிடம் கேட்டேன். உங்க இஷ்டம் என்றார். அந்தப் பழைய தேதியையே போட்டேன். உன் பத்து விரலும் இருந்த தேதி.

சுவரில் காட்டினார். டைமர் மணி அடிப்பதற்கு முன்பே எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டிலும் ஒரே பதில்: லிஃப்டை நிறுத்துவேன். இன்ஷூரன்ஸ் பெண் மட்டும் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: "கயிற்றில் கை வைக்காதேன்னு எல்லாருக்கும் சொல்லுவேன்." யாரும் கை தட்டவில்லை. நான் அழுதேன் மச்சான். இவ்வளவுதானா, நாலு வரிதானா என்று அழுதேன். அந்தச் சீட்டுகளை டைமரம்மா ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்த எட்டு வாரத்தில் என்ன கற்றோம், எப்படி மாறினோம் என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். யாருக்கு அது முக்கியமோ அவருக்கே எழுதுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம், தபால் ரசீதைக் காட்டினால் போதும் என்றார். அந்த எழுத்துதான் இது. இதிலும் வளவளவென்று இழுத்துவிட்டேன். அடி ஆழத்தில் இருக்கிற குணம் எட்டு வாரத்தில் போய்விடுமா?

ஒட்டுவதற்கு முன் இதுவரை எழுதியதை உன் அக்காவிடம் கொடுத்தேன். அவளுக்கும் இது தெரியாது. முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், இனி என்னோடு பேச மாட்டாள் என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள், மீதியை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். கவரை வாங்கி உன் விலாசத்தை அவளே எழுதினாள்.

திருத்தி எழுதிய தாளையும் பன்னிரண்டு சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் உறையையும் வைத்திருக்கிறேன், எனக்கு இனி அது வேண்டாம். இந்த இரண்டு மாதத்தில் நீ மூன்று முறை வரச் சொன்னாய், மூன்று முறையும் வேலை என்று சாக்குச் சொன்னேன். வேலை எதுவும் இல்லை. உன் கையைப் பார்க்கும் தைரியம்தான் இல்லை. இப்போது வர வேண்டும்போல இருக்கிறது, ஆனால் நீ சொல்லாமல் வர மாட்டேன்.

போன் பண்ணாதே. போனில் நீ எனக்காக இரக்கப்பட்டுவிடுவாய். எழுது. வாண்டுவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். வா என்றாலும் சரி, வராதே என்றாலும் சரி, அதை முதல் வரியில் எழுது. திட்ட வேண்டியதை அதற்குக் கீழே எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. நீயும் தங்கச்சியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

நான் கடைசி வரை படிப்பேன்.

உன் அத்தான்