பெயர் எழுதாத படிவம்

டிராம்சோ, நார்வே
18-2-1991

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் நலம். இங்கே குளிரும் என்னைப் போலவே திடமாக இருக்கிறது. நீயும் தம்பி ரகுவும் சௌக்கியம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் மாதம் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்று தீபாவளிக்கு எழுதியிருந்தேன். அதில் ஒரு மாற்றம். கோபப்படாமல் கடைசி வரை படி.

இங்கிருந்து வடக்கே இரண்டு மூன்று நாள் கப்பலில் போனால் ஸ்வால்பார்ட் என்று ஒரு தீவுக்கூட்டம் வரும். அதற்கு மேலே பனிக்கட்டி, அதற்கும் மேலே துருவம். மரம் கிடையாது, வயல் கிடையாது. ஜெர்மன்காரரும் நார்வேகாரரும் சேர்ந்த ஒரு குழு ஜூலையில் அங்கே போகிறது. பனியை ஆராயப் போகிறார்களாம். ஒரு மர வீட்டில் ஏழு பேர் பதினான்கு மாதம் இருக்க வேண்டும். ஆறு பேர் படித்தவர்கள். ஏழாவது ஆள் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நின்றால் மற்ற ஆறு பேரின் படிப்பும் நின்றுவிடும். எங்கள் கப்பலின் சீஃப் இன்ஜினியர் என் பேரைச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்புமாம். வெள்ளைக் கரடி வரும், அதனால் வெளியே போனால் துப்பாக்கி வேண்டும். தீவுக்குப் போக விசாவே தேவையில்லை என்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்து ஒப்பந்தமாம். மண்ணூர்க்காரன் ஒருவன் அங்கே போய் நிற்பதை நினைத்துப் பார். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

உன் பதிலைப் பார்த்துத்தான் உறுதி சொல்வேன்.

உன்
ரத்தினம்


மண்ணூர்
9-3-1991

அன்புள்ள மாமாவுக்கு, மரகதம் வணக்கம் சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ரகுவுக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணி, இங்க பவர் கட் ஆனாலே அண்ணன் கத்தும். நாலு மாசம் இருட்டுல இன்னா பண்ணிகினு இருக்கும்?" என்றான். எனக்கு வேறு சந்தேகம். சூரியனே வராத ஊரில் துணியை எங்கே காயப்போடுவீர்கள்?

ஜூனில் வருகிறீர்கள் என்று கூரைக்கு ஓடு மாற்றச் சொல்லியிருந்தேன். மாற்றிவிட்டார்கள். பரவாயில்லை, மழை வந்தால் எனக்கும் உதவும்.

எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்தே பெரிய ஆர்டர். தோல் கையுறை எட்டாயிரம் ஜோடி. சுங்குவார்சத்திரத்தில் பஸ் பிடித்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகிறது. என்னை லைனிலிருந்து எடுத்து செக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. தையல் விட்டதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எனக்கு இரண்டு மாதமாக அடிவயிற்றில் வலி. டாக்டரம்மா காஞ்சிபுரம் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போகிறேன்.

நீங்கள் அந்தத் தீவுக்குப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. எழுதினால்தானே தெரியும், அதற்காக எழுதுகிறேன். ஆனால் தூக்கம் வராத அளவுக்கு ஆசை என்கிறீர்கள். கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் நீங்கள் எதற்கும் தூக்கம் கெட்டு நான் பார்த்ததில்லை. அதனால் போகாதீர்கள் என்று எழுதவும் கை வரவில்லை.

உங்கள்
மரகதம்


டிராம்சோ
30-3-1991

அன்புள்ள மரகதம்,

நீ மறுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உறுதி சொல்லிவிட்டேன். வயிற்று வலி சூட்டினால் வருவது. வெந்தயம் ஊறவைத்துக் குடி.

இங்கே எனக்கு உட்கார நேரமில்லை. ஏழு பேருக்குப் பதினான்கு மாதச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டுகிறார்கள். எனக்கு மட்டும் உதிரி பாகத்துக்கு மூன்று பெட்டி. பெல்ட் ஒன்றுக்கு நான்காக வைத்திருக்கிறேன். அங்கே எது உடைந்தாலும் ஓடிப்போய் வாங்கக் கடை கிடையாது. சொந்தச் சாமான் ஆளுக்கு இருபது கிலோ. எனக்குப் புளி இரண்டு கிலோ, வெங்காய வடகம், மிளகாய்த்தூள் அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு காரியம். இங்கே விற்கும் கையுறை எல்லாம் மூட்டை மாதிரி இருக்கிறது. போட்டுக்கொண்டால் ஒரு திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. நீயே ஒரு ஜோடி தைத்து அனுப்பு. வெளியே ஆட்டுத்தோல், உள்ளே கம்பளி, விரல் பொருத்தமாக இருக்க வேண்டும். இரண்டு கையையும் தாளில் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு சம்மதப் படிவம். போகிறவனின் வீட்டார் நிரப்ப வேண்டும். ஆறு கட்டம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கீழே பென்சிலால் தமிழில் குறித்திருக்கிறேன். முதல் கட்டத்தில் போகிறவன் பேர், பிறகு உன் பேர், உறவு, விலாசம், சம்மதம். ஆறாவது, விபத்து ஏதும் நடந்தால் தகவல் தர வேண்டியவர். அதிலும் உன் பேரையே எழுதிவிடு. தமிழில் எழுதலாம், இங்கே மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. ஆனால் ஆறு கட்டமும் உன் கையாலேயே எழுத வேண்டும். முன்பு ஒருவன் தானே நிரப்பி மனைவி நிரப்பியதாகக் கொடுத்துவிட்டானாம், அதிலிருந்து இந்தக் கெடுபிடி.

எனக்கு நாற்பது வயதாகிறது. எந்த முதலாளி சொன்னானோ அங்கே போனேன், எந்தக் கப்பல் கிடைத்ததோ அதில் ஏறினேன். இதுதான் நானே ஆசைப்பட்டுப் போகும் முதல் இடம். அது உனக்குப் புரியும்.

உன்
ரத்தினம்


மண்ணூர்
2-5-1991

அன்புள்ள மாமாவுக்கு,

புளி, வடகம், மிளகாய்த்தூள், கையுறை எல்லாம் பார்சலில் வருகிறது. வடகம் உடையாமல் இருக்கக் கையுறைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கையுறையில் வெங்காய வாசனை வந்தால் கரடி கிட்டே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரைந்து அனுப்பிய இடது கையில் சுண்டுவிரல் நுனி இல்லை. வரைய மறந்தீர்களா, விரலே இல்லையா? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற ஒன்பது விரலிலும் பென்சில் நகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. அது மட்டும் பாதியில் திரும்பிவிட்டது. நான் பார்ப்பது செக்கிங் வேலை. அந்த விரலைக் குட்டையாகவே தைத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

நான் காஞ்சிபுரத்தில் பதினோரு நாள் படுத்திருந்தேன். இப்போது தேவலை. இன்னும் இரண்டு வாரம் கனம் தூக்கக் கூடாது. கையுறையைத் தலையணையில் சாய்ந்துகொண்டுதான் தைத்தேன். எங்கள் செக்கிங் டேபிள் ஞானம்மா தினமும் வேலை முடிந்து வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

படிவத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சம்மதம் என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள்
மரகதம்


டிராம்சோ
24-5-1991

மரகதத்துக்கு,

நம் ஊர்ப் பக்கத்தில் குண்டு வெடித்ததை முந்தாநாள் இங்கே ரேடியோவில் சொன்னார்கள். ஊர்ப் பேர் என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை, அப்படி ஒரு உச்சரிப்பு. நீ பத்திரமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பார்சல் வந்தது. கையுறை அப்படியே பொருந்துகிறது. சுண்டுவிரல் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியதும், பெல்ட்டில் சிக்கியது. எழுதினால் நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. அதை விடு.

நீ அனுப்பிய படிவத்தின் முதல் கட்டம் காலியாக இருக்கிறது. போகிறவன் பேரே இல்லை! மேஜையில் வைத்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். "உன் மனைவி யாரையோ அனுப்பச் சம்மதிக்கிறாள், அது நீதானா?" என்று கேட்டார்கள். எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஐந்து கட்டத்தை முத்து முத்தாக எழுதத் தெரிந்தவளுக்கு இதை எழுதத் தெரியாதா? இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுதியிருக்கலாம். சம்மதம் என்று எழுதிவிட்டுப் பேரை மட்டும் விட்டால் அதற்கு என்ன அர்த்தம்? என்னைத் தடுக்க இது ஒரு வழியா?

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். ஜூலை ஐந்துக்குள் இங்கே வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். டென்மார்க்காரன் ஒருவன் தயாராகக் காத்திருக்கிறான். பெட்டி மூன்றையும் நான் கட்டியாகிவிட்டது. என் பெட்டியோடு அவன் போவதை என்னால் பார்க்க முடியாது. ஒரு வார்த்தை எழுத உனக்கு எத்தனை நேரம் ஆகும்?

ரத்தினம்


மண்ணூர்
12-6-1991

திரு. ரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. அன்றைக்குக் குண்டு வெடித்த பிறகு ரோடு முழுக்கப் போலீஸ். பஸ்ஸை நிறுத்தி, பையைத் திறந்து காட்டி, வேலைக்குப் போக இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது கொஞ்சம் தேவலை. நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன்.

முதல் கட்டத்தை நான் வேண்டுமென்று விடவில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் பேரைச் சொன்னதில்லை, எழுதினதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவர்கள் சொல்வார்கள். உங்களுக்கு வருகிற கடிதத்தின் மேல் விலாசம் எல்லாம் ஞானம்மா எழுதியது. உள்ளே ஒரு கையெழுத்து, வெளியே ஒரு கையெழுத்து. இத்தனை வருஷம் கவனித்திருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். படிவத்தில் மற்றவர் எழுதக் கூடாது என்றீர்கள். அதனால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன். உங்கள் படிவம்தானே, உங்கள் பேர் அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அது என் தப்புதான்.

ஞானம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். அவள் புருஷனை வாசலில் நின்று, "யோவ் தாவீது!" என்று கூப்பிடுகிறவள். "இன்னாடி, பேர எழுதினா கை வெந்துடுமா? எழுதித்தான் பாரேன்" என்றாள். நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் கையுறை சுற்றும் தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். நான்காவது தடவைக்கு நிறுத்தாமல் எழுத வந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுப் பார்த்தால், அது ஒரு ஆளின் பேர். அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல விட்டதைச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் பதினோரு நாள் படுத்திருந்தேன் என்று எழுதினேன். எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. பையையே எடுத்துவிட்டார்கள். இனி நமக்குக் குழந்தை கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னால் அங்கேயும் ஒரு படிவம் கொடுத்தார்கள், புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்று. ரகு வந்து போட்டான். அவனுக்குக் கண்ணெல்லாம் கலங்கி, கையெழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. நர்ஸ் உங்கள் பேரைக் கேட்டபோதும் அவன்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. வலியால் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

எழுதினால் நான் பயப்படுவேன் என்று விரலைப் பற்றி எழுதவில்லை என்கிறீர்கள். நான் பயப்பட்டிருப்பேன். ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன். அதற்கு எனக்கு உரிமை இருந்தது, நீங்கள் கொடுக்கவில்லை. நானோ எழுதினேன். எழுதியும் உங்களுக்குப் பயம் வரவில்லை. பேர் இல்லை என்று இரண்டு பக்கம் கோபப்பட்டிருக்கிறீர்கள். பதினோரு நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன், தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, நேற்றோடு போய்விட்டது. உங்கள் ஆசையைத் தடுக்கவும் மனசில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள், அந்த டென்மார்க்காரன் வேண்டாம். பதினான்கு மாதம் முடிந்ததும் எங்கே போவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மண்ணூருக்கு வந்தால் ரகு வீட்டில் இறங்குங்கள். நான் மாதக் கடைசியில் சுங்குவார்சத்திரத்துக்குக் குடி போகிறேன். ஞானம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாள்.

புதுப் படிவத்தை ஆறு கட்டமும் என் கையாலேயே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் உங்கள் பேரைத் தெளிவாக எழுதியிருக்கிறேன், யாரும் சிரிக்க மாட்டார்கள். சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். ஆறாவது கட்டத்தில், தகவல் தர வேண்டியவர் என்ற இடத்தில், ரகுவின் பேரை எழுதியிருக்கிறேன். "இன்னா அண்ணி இது?" என்றான். படிவத்தை மடித்து உறையில் வைத்தேன். அவனுக்கு விவரம் புரிய ஒரு நாள் ஆனது.

உறவு என்று கேட்டிருக்கும் மூன்றாவது கட்டத்தில் மட்டும் மனைவி என்றே எழுதியிருக்கிறேன். வேறு எழுதினால் படிவம் செல்லாது, நீங்கள் போக முடியாது.

மரகதம்