விசில் சத்தத்துக்கு நடுவே நீ விழுந்த நாற்பது விநாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர வேறெதிலும் குறையில்லை. நீ நலமா என்று எப்போதும் கேட்பேன், நீயும் நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் இந்த முறை கேட்கவில்லை. போனில் பேசாமல் ஏன் இப்படி உட்கார்ந்து எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், காகிதத்துக்கு சிக்னல் வேண்டாம், கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, தண்ணீர் வருவதும் நின்றுவிட்டது, இரண்டையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் அதே எலும்பு ஆஸ்பத்திரியில் அதே எக்ஸ்ரே அறையில் மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த வருஷத்தோடு இருபத்தேழு வருஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் படத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

ஆறு வருஷமாக நீ சினிமாவில் கதாநாயகிகளுக்கு டூப் போட்டு அவர்கள் வாங்கவேண்டிய உதையையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறாய், ஆறு வருஷமாக ஒரு படத்தையும் பார்க்கமாட்டேன் என்று நானும் பிடித்த பிடியில் நின்றேன். இந்தப் படத்துக்கும் போயிருக்கமாட்டேன். ஆனால் நீ போனில், இடைவேளைக்கு அப்புறம் இரும்புப் படிக்கட்டுல ஒரு சண்டை வரும், சிவப்புச் சட்டை, அது முழுக்க நான்தான், அப்பா மட்டும் போகட்டும், நீ போகாதம்மா, உனக்குப் பிடிக்காது என்று சொன்னாய் பார், அப்போதே முடிவுசெய்துவிட்டேன். நீ போகாதே என்று சொன்ன இடத்துக்கெல்லாம் போய்த்தான் உன்னை இவ்வளவு பெரியவளாக வளர்த்தேன், தெரியுமா.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பாவும் நானும். அடேயப்பா, அப்படி ஒரு கூட்டத்தை நான் எங்கள் ஆஸ்பத்திரி வெளிநோயாளி வரிசையில்கூடப் பார்த்ததில்லை, அங்கேயாவது உடம்புக்கு முடியாதவர்கள் வருகிறார்கள். எங்களுக்கு முன் இரண்டு வரிசையில் ஒரு கராத்தே வகுப்பே வெள்ளைச் சட்டை, கலர் கலராய் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது, நடுவில் அவர்கள் மாஸ்டர். திரையில் யார் யாரை அடித்தாலும் அத்தனை பேரும் ஒரே குரலில் ஹூ என்று கத்துவார்கள், உடனே மாஸ்டர் எழுந்து, தப்பு, இடுப்பே திரும்பல, இந்த உதைக்கு ஒரு எலிகூட சாகாது என்று தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்வார். வில்லன் காதில் மட்டும் விழுந்திருந்தால் திருந்தியிருப்பான். உன் அப்பா சும்மா இருந்தாரா? பக்கத்து சீட்டு ஆளிடம், சார், இதுல என் பொண்ணு நடிச்சிருக்கா என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் கதாநாயகியின் முகத்தைப் பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், ஆமா சார், மூக்கு அப்படியே உங்க மூக்குதான் என்றார். அப்பா பதறிப்போய், இல்ல சார், முகம் தெரிஞ்சா அது வேற பொண்ணு, முகம் தெரியலன்னா அது என் பொண்ணு என்று விளக்கினார். இரண்டு வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் கதாநாயகி முதுகைக் காட்டும்போதெல்லாம் அந்த ஆள், சார், உங்க பொண்ணு, சார், உங்க பொண்ணு என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்த்துவிட்டு, இது இல்ல சார், இது சும்மா முதுகு என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

படிக்கட்டுச் சண்டை வந்தது. சிவப்புச் சட்டையைப் பார்த்ததும் சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், முன்னால் இருந்த கைகள் எல்லாம் மேலே போயின, எல்லாக் கையிலும் ஒரு போன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கப் படம் பிடிக்கிறார்களாம், கண்ணுக்கு எதிரே அவ்வளவு பெரிய திரை இருக்கும்போது! அந்தப் பெரிய திரையில் உன் காலும் தலையும்தான் எனக்குத் தெரிந்தன, மிச்சமெல்லாம் உள்ளங்கை அகலத்தில் முப்பது குட்டிக் குட்டிச் சிவப்புச் சட்டைகள். எந்த மகளைப் பார்ப்பது? தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது, கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கத்தியது, விசில், ஒன்ஸ் மோர், காது ஜவ்வு கிழிந்துவிட்டது. கைகள் இறங்கியபோது நீ கீழ்ப்படியிலிருந்து எழுந்துகொண்டிருந்தாய், ஒரு நொடிதான், உடனே கதாநாயகி முகம் வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் ஏதோ ஒன்று என்னை உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை, அப்பா மட்டும் தூக்கத்திலும் இது சும்மா முதுகு என்று உளறிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை டியூட்டி முடிந்ததும் மத்தியான ஆட்டத்துக்கு மேல்வீட்டு டெய்லர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கராத்தே வகுப்பு இல்லை, நிம்மதியாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், பின்னால் ஒரு ஆள் வந்து சேர்ந்தார், இந்தப் படத்தை நாலாவது தடவை பார்க்கிறவர். தெரிந்த விஷயத்தை மனசுக்குள் வைத்திருக்க முடியாத ஜென்மம். இப்ப பாரு, கதவை உடைப்பான், இப்ப பாரு, பின்னாடி வருவான், இப்ப பாரு, குரு செத்துருவாரு. செத்தார். பாவம், குரு சாவதற்கு முன்னாலேயே நாங்கள் துக்கம் விசாரித்துவிட்டோம். போதாக்குறைக்கு உணர்ச்சி வேகத்தில் என் சீட்டு முதுகை உதைத்துக்கொண்டே இருந்தார், இடைவேளைக்குள் நான் வாங்கிய உதைக்கு எனக்கே சம்பளம் கொடுத்திருக்கவேண்டும். இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டுக்காகக் காத்திருந்தேன். படிக்கட்டு வந்தது, நீ மேலே நின்றாய், வில்லன் காலைத் தூக்கினான், இப்ப பாரு விழுவா என்றது பின்சீட்டு, அக்கா சடாரென்று என் இரண்டு கண்ணையும் தன் கையால் பொத்திவிட்டார். பெத்தவ பாக்கக்கூடாது, நீங்க பாக்காதீங்க என்று ஒரே கத்தல். நாள் முழுக்கத் துணியைப் பிடித்து இழுக்கிற கை, இரும்புப் பிடி, விடவே இல்லை. நான் திமிற, அவர் அமுக்க, திரையில் நடந்ததைவிடப் பெரிய சண்டை எங்கள் சீட்டில் நடந்தது. கையை எடுத்தபோது நீ விழுந்து எழுந்து போயே போய்விட்டாய். வெளியே வந்ததும் எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு அக்கா பாப்கார்ன் நீட்டினார். கோபிக்கவா முடியும்?

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். இருபத்தேழு வருஷத்தில் சினிமாவுக்காக நான் போட்ட முதல் லீவு. காலை ஆட்டம், தனியாகப் போனேன், மொத்தம் பதினொரு பேர். மூலையில் ஒரு ஜோடி, படத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் சத்தம் போடவில்லை, போனைத் தூக்கவில்லை, யார் கண்ணையும் பொத்தவில்லை, அவர்களைப்போல நல்ல ரசிகர்களை நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் ஒருவர் படம் தொடங்கியதும் குறட்டையைத் தொடங்கிவிட்டார். அதனால் படிக்கட்டுக் காட்சியைக் கடைசியில் முழுசாகப் பார்த்தேன். நீ வலது கையில் கம்பைச் சுழற்றிக்கொண்டு மூன்று பேரைத் தாண்டிக் குதித்து வந்தாய், ஒரு படியைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. என் வயிற்றில் பிறந்ததா இது என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பிறகு விழுந்தாய். கடைசித் திருப்பத்தில் உன் வலது தோள் கைப்பிடிக் கம்பியின் முனையில் போய் இடித்தது. எழுந்தாய். எழும்போது இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாய், தலையை வலது பக்கமாகவே சாய்த்துக்கொண்டாய்.

அம்மாடி, இதை எந்த ஸ்டன்ட் மாஸ்டரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காறை எலும்பு உடைந்தவர்கள் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்படித்தான் வருவார்கள். படித்தவர், படிக்காதவர், கிழவர், குழந்தை எல்லோரும் யாரும் சொல்லாமலே அதே மாதிரிதான் கையைத் தாங்குவார்கள், தலையைச் சாய்ப்பார்கள். டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே எந்தப் பக்கத்தைப் படம் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதையும் நடிப்பு என்று நினைத்துப் படத்திலேயே வைத்துவிட்டார்களே, அந்தப் புண்ணியவான்கள்! அடுத்த நொடியே கதாநாயகி இரண்டு கையையும் வீசி நாலு பேரைச் சாய்க்கிறாள், வீசமாட்டாளா, உடைந்தது அவள் எலும்பா?

எழுந்து நின்று கத்திவிட்டேன். நிறுத்துங்க, அதைத் திரும்பப் போடுங்க, எனக்குத் திரும்பப் பாக்கணும் என்று கத்தினேன். இரண்டு தடவையாக மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்த உன் அம்மா, மூன்றாவது தடவை தியேட்டரிலேயே பெரிய இடைஞ்சலாக ஆகிவிட்டாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டு, ஏம்மா, நிம்மதியா படம் பாக்க விடமாட்டீங்களா என்று சண்டைக்கு வந்தார். டார்ச் விளக்கோடு ஒருவர் ஓடிவந்தார், இது உங்க வீட்டு டிவி இல்லம்மா, நெனச்சா பின்னாடி போறதுக்கு என்றார். அது என் பொண்ணு, அவளுக்கு எலும்பு உடைஞ்சிருக்கு என்றேன். அவர் திரையைப் பார்த்தார், அங்கே கதாநாயகி சிரித்துக்கொண்டிருந்தாள், உங்க பொண்ணு நல்லாத்தாம்மா இருக்கா, உக்காருங்க என்றார். மூலையில் இருந்த ஜோடிதான் எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தது.

இப்போது எல்லாவற்றையும் கோத்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போன வருஷம் அந்தப் படப்பிடிப்பு நடந்த சமயத்தில் இரண்டு மாசம் போனில் கேமரா ரிப்பேர் என்றாய், குரல் மட்டும்தான் வந்தது. எழுதி அனுப்புகிற செய்திகூட நின்றுபோய், எல்லாமே பேசிப் பதிந்து அனுப்பினாய். ஒற்றைக் கையோடு இருந்திருக்கிறாய், யார் துணி துவைத்தார்கள், யார் தலை வாரிவிட்டார்கள்? எனக்கு நன்றாகக் காதில் பூச் சுற்றினாய், நானும் பாவம் புதுக் கேமரா வாங்கிக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிறவளிடம் மறைக்கிறாயே, உனக்கு எவ்வளவு தைரியம்! போன வாரம் வீடியோவில் பேசும்போது தலை சீவினாய், வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, தலையைக் கொண்டுவந்து சீப்புக்குக் கொடுத்தாய். எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அடுத்த மாசம் இரண்டாம் பாகம், மொட்டை மாடியிலிருந்து குதிக்கிறேன் என்று அப்பாவிடம் குதூகலமாகச் சொல்லியிருக்கிறாய். சரியாகச் சேராத எலும்பு அதே இடத்தில் மறுபடி உடைந்தால் அடியில் ஓடுகிற ரத்தக்குழாயையும் நரம்பையும் கிழிக்கலாம், கை அப்படியே தொங்கிப்போகலாம், உயிருக்கேகூட ஆபத்து வரலாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

வேலையை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். ஆறு வருஷம் சொன்னேன், பார்க்காமலே சொன்னேன், இப்போது பார்த்துவிட்டேன், இனிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குதிப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும், நேராக ஒன்று, மேல்பக்கமாகச் சாய்த்து ஒன்று. டாக்டர் எழுதியதை அனுப்பி என்னைச் சமாளிக்காதே, எக்ஸ்ரேயையே எனக்கு அனுப்பு. எங்கள் எலும்பு டாக்டரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், ஊருக்கு வந்தால் நானே எடுக்கிறேன், மூச்சை இழுத்துப் பிடி என்று உன்னிடம் சொல்லும்போது என் குரல் எப்படி வரும் என்றுதான் தெரியவில்லை. அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அந்தக் கராத்தே மாஸ்டரிடம் கெஞ்சிப் போனில் எடுத்ததை வாங்கிவைத்துக்கொண்டு, வாசலில் வருகிற தபால்காரர் முதல் காஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் நிற்கவைத்துக் காட்டுகிறார். எலும்பு விஷயத்தை அவரிடம் நீயே சொல், என்னால் முடியாது.

ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன், எழுதாவிட்டால் மனசு ஆறாது. முதல் நாள் கூட்டம் கத்தியதே, அப்போது நீ எப்படி விழுந்தாய் என்று நான் பார்க்கவே இல்லை, ஆனாலும் எல்லோரும் எழுந்தார்கள் என்று நானும் எழுந்தேன், அப்பா தொடையைத் தட்டிக்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்த்து, அவதான் என் பொண்ணு என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினேன். உன் எலும்பு உடைந்ததற்கு நானும் கை தட்டியிருக்கிறேன் கண்ணு.

நோய்நொடி இல்லாமல், இரண்டு கையும் தலைக்கு மேலே எழும்ப, நூறு வயசு இரு. தோள் படத்தை இந்த வாரமே எடு, வலித்தால் வலிக்கிறது என்று சொல், நான் தாங்கிக்கொள்வேன்.

ஆயிரம் முத்தங்களோடும் அதைவிட அதிகமான கோபத்தோடும்,
உன் அம்மா