வட்டவாளும் உன் கையெழுத்தும்

தோஹா, 2.6.1998

அன்பின் நல்லம்மாவுக்கு,

நீயும் மகள் சந்திரிகாவும் குண்டசாலையில் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நலமே. என் முறைப்பாடுகள் பின்வருமாறு:

1. 4.4.1998: நம் மரப்பட்டறையில், மரம் அறுக்கும் வட்டவாளில் நீ கையால் பலகை தள்ளக் கூடாதென்று, தானே தள்ளும் பீடர் இயந்திரம் ஒன்றை அனுப்பினேன். பெட்டியைக்கூட நீ பிரிக்கவில்லை.

2. 10.5.1998: தொலைபேசியில் கேட்டதற்கு, "என் கைக்குப் பழகின வாளுங்க. பெட்டி மேல பூனை தூங்குது, எழுப்பவா?" என்று சிரித்தாய்.

3. 28.5.1998: உன் கடிதம் சந்திரிகாவின் கையெழுத்தில் வந்தது. காரணம் எழுதப்படவில்லை.

பூனையை எழுப்பு. பீடரின் ரப்பர் சக்கரங்களைப் பலகையின் மேற்பரப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இறக்கு. பலகை வெளியேறும் பக்கத்தில், பீடரை, பலகை ஒட்டிச் செல்லும் ஓரச்சட்டத்தை நோக்கி மயிரளவு திருப்பி வை. அப்போதுதான் பலகை சட்டத்தை விட்டு விலகாது. இங்கே இதே இயந்திரத்தைப் பொருத்தும்போதெல்லாம் உன் கைகளே நினைவுக்கு வருகின்றன.

என் வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. இங்கே தைக்க ஆளிருந்தும், நீ தைப்பதற்காக வைத்திருக்கிறேன்.

இம்மாதம் முப்பதாம் திகதிக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. தொலைபேசி செல்லாது. சந்திரிகா எழுதக் கூடாது. வலக்கையால் முடியாவிட்டால் இடக்கையால் எழுது. கடிதம் வராவிட்டால், நானே வந்து உன் விரல்களை எண்ணிப் பார்ப்பேன்.

வீரையா