மணலுக்குள் இருந்து வந்த மூக்கு

ஜனவரி 21, புதன்.

டோர்செட் பார்க்கில் ரவியின் அப்பார்ட்மென்ற்றில் நேற்று ஹீற்றிங் நின்றுவிட்டது. இன்று காலை நான் போனபோது, அவன் வளர்க்கும் ஆபிரிக்க மெல்லோட்டு ஆமை தண்ணீர்த் தொட்டியின் அடி மணலுக்குள் அசையாமல் கிடந்தது.

"குளிரில செத்துப்போச்சு அண்ணை. பேப்பரில எழுதுங்கோ."

பத்திரிகைக்காரன் அல்லவா, வழக்கம்போல முதலில் நேரத்தைக் குறித்தேன்: காலை 10.40, இறந்தது. அதைத் தூக்க ரவிக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இருபது நிமிடம் கழித்துக் குழாய்போன்ற மூக்கு மெல்லத் தண்ணீருக்கு மேலே வந்து, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. தண்ணீருக்குள்ளேயே தோலால் மூச்சுவிடும் பிராணி. ரவிதான் முன்பு சொன்னவன். பயத்தில் இருவருமே மறந்துவிட்டோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்கட செய்தி பிழை அண்ணை. திருத்தம் போடுங்கோ."

வரியை வெட்டினேன். முப்பது வருடம் செய்தி எழுதியவன், தொட்டுக்கூடப் பார்க்காமல் இறந்தது என்று எழுதியிருக்கிறேன். ஆமை மட்டும் அவசரமே படவில்லை.